இரண்டாண்டுக் கல்லூரியும் ஒரே ஒரு கோடையும்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் படிப்பு இரண்டு ஆண்டுகள்தான். இளங்கலைப் பட்டம் பெற விரும்புபவர்கள் பெரும்பாலும் அதன்பின் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறிச் செல்ல வேண்டும். கற்பித்தலையே முதன்மைப் பணியாகக் கொண்ட இக்கல்லூரிகளில் ஆய்வுக்கூடங்கள் அரிது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பேராசிரியரின் அறைக்கே சென்று ஆய்வில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்க முடியும். சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கோடையில் மட்டுமே, அதுவும் வேறொரு நிறுவனத்தில்தான் கிடைக்கிறது. கடலியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் கோடைப் பயிற்சி மாணவர்களை வழிநடத்தி வருபவன் என்ற முறையில், அந்த ஒரு கோடை எவ்வளவு குறுகிய வாசல் என்பதை நான் அருகிலிருந்து பார்க்கிறேன்.

பணம்தான் முதல் தடை. இவர்களில் பலர் படித்துக்கொண்டே வேலைக்கும் செல்பவர்கள். ஊதியமில்லாப் பயிற்சி என்றால் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்திவரும் இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டம் உதவித்தொகை வழங்குவதோடு, ஆய்வு வாய்ப்பு குறைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்கு இடமளிக்கவும் வலியுறுத்துகிறது. (மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உடையவர்களுக்கும் மட்டுமே. என்னிடம் விசாரிக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.) கடலடித்தளத்துக்குக் கீழே வாழும் நுண்ணுயிர்களை ஆராய 2010இல் தொடங்கப்பட்ட சி-டெபி மையம், சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கென்றே தனிப் பயிற்சி ஒன்றை நடத்தியது.

வந்து சேர்ந்தவர்கள் திமிங்கிலங்களைப் பார்ப்பதில்லை, கடல்நீரை வடிகட்டுகிறார்கள். கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளின் அளவை அறிய, அளந்தெடுத்த நீரைக் கண்ணாடி இழை வடிதாளின் வழியே மெல்ல உறிஞ்சி, தாளில் தங்கும் பச்சையத்தை 90 விழுக்காடு அசிட்டோனில் ஊறவைத்துக் குளிரிலும் இருட்டிலும் பிரித்தெடுத்து, அது உமிழும் சிவப்பொளியை ஃப்ளோரோமீட்டரில் அளக்க வேண்டும். பின்பு சில துளி அமிலம் விட்டு மீண்டும் அளந்தால், உயிர்ப்புள்ள பச்சையம் எவ்வளவு, சிதைந்தது எவ்வளவு என்பது பிரிந்து தெரியும். வெளிச்சம் பட்டால் பச்சையம் சிதையும் என்பதால் விளக்கைத் தணித்துக்கொண்டு வேலை செய்வோம். மாதிரி எதுவும் சேராத வெற்றுத் தாளையும் இதே படிகளின் வழியே கொண்டு செல்ல வேண்டும் என்றதும், ஒன்றுமில்லாததை ஏன் அளக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். விடையை நான் உடனே சொல்வதில்லை. அந்த வெற்றுத் தாளும் ஓர் எண்ணைக் காட்டும்போது, தமது மற்ற எண்கள் எல்லாவற்றையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறார்கள். கோடை முடிவில் சுவரில் ஒட்டப்படும் வண்ணச் சுவரொட்டியைவிட அந்தச் சந்தேகத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

எல்லோரும் முனைவர் பட்டம் நோக்கிச் செல்ல வேண்டியதும் இல்லை. கலிபோர்னியாவின் மான்டரே பெனின்சுலா கல்லூரியில், அதாவது ஒரு சமுதாயக் கல்லூரியில், 1997இல் தொடங்கிய, கடல்சார் தொழில்நுட்பக் கல்விக்கான மேட் மையம் மாணவர்களை ஆய்வுக் கப்பல்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி பெறுபவர்களாக அனுப்பியது. கருவிகளைக் கடலில் இறக்கவும், பழுது பார்க்கவும் தெரிந்தவர் இல்லாமல் எந்தக் கப்பலும் தரவோடு திரும்புவதில்லை. இதை இரண்டாந்தர வழியாகப் பார்க்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனக்குள்ள பெரிய குறை காலக்கணக்கைப் பற்றியது. இப்பயிற்சிகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடுகின்றன. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தத் துறைக்கு மாறுவது என்பதை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே பயிற்சியின் அனுபவம் அந்த முடிவுக்கு உதவ வேண்டுமானால், மாணவர் கல்லூரியில் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, ஒரே ஒரு பருவத்தின் மதிப்பெண்களோடு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் முன் ஆய்வு அனுபவத்தையும் ஆய்வு வழிகாட்டியின் பரிந்துரையையும் கேட்பது, வராதே என்று சொல்வதற்குச் சமம். எங்கள் கூடத்தில் முன் அனுபவம் பற்றிய கேள்வியை நீக்கிவிட்டோம். பொது வேதியியல் கற்பித்த ஆசிரியரின் கடிதத்தோடு, மாணவர் மாலை வேலை பார்க்கும் இடத்தின் மேலாளர் எழுதும் கடிதத்தையும் ஏற்றுக்கொள்கிறோம்.