பதினோரு பக்கம்

"உனக்கு இங்க என்னப்பா குறை?" என்று கேட்டேன். ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

"குறைன்னு ஒண்ணும் இல்ல சார். இந்த வருஷம் ஒரு கேஜ்கூட ஒட்டல. அவ்வளவுதான்."

இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த 'அவ்வளவுதான்' இன்னும் காதில் நிற்கிறது.

எங்களுடையது டி.ஆர்.டி.ஓ., அதாவது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகம். அவன் இளம் விஞ்ஞானி. பாரம் ஏறும்போது ஒரு பாகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்க அதன்மேல் ஒட்டுகிற மெல்லிய துண்டுதான் ஸ்ட்ரெயின் கேஜ். அதை ஒட்டுவதில் எங்கள் குரூப்பில் அவனுக்கு ஈடு கிடையாது. ஓய்வு பெற்றுப் போன டெக்னிகல் ஆபீசர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிய கை. எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நகக்கண் அளவுத் துண்டைப் பசை தடவி வைத்துக் கட்டைவிரலால் ஒரு நிமிஷம் அழுத்துவான். அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அப்புறம் மீட்டரை வைத்தால் 120 ஓம், இருக்க வேண்டிய அளவு.

அவனைத்தான் நான் கொள்முதல் ஃபைலில் உட்காரவைத்தேன். காரணம் இருந்தது. அவன் எழுதிய இண்டென்ட், அதாவது சாமான் வாங்கக் கேட்டு எழுதும் கோரிக்கை, திரும்பி வராது. நிதிப் பிரிவு ஒரு கேள்வி கேட்டால் மூன்று மாதம் போச்சு. சாமானே வராமல் எதில் போய்க் கேஜ் ஒட்டுவது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் நம்பவும் செய்கிறேன்.

சம்பளத்துக்காகப் போகிறான் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பதவி உயர்வில் குறை சொல்ல முடியாது. காலியிடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், மதிப்பீட்டில் தேறினால் போதும். அடுத்த படியான 'டி' கிரேடுக்கான நேர்காணல் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அன்றைக்கு அதோடு விட்டிருக்கலாம். பொறுமையைப் பற்றி ஆரம்பித்தேன். "தேஜஸ் போர் விமானத்தை எடுத்துக்கோ. 83-ல அனுமதி, 2001-ல முதல் தடவை பறந்தது, 2016-ல விமானப்படைக்குப் போச்சு."

"33 வருஷம் சார். 27-ல சேர்ந்தவருக்கு 60."

ஆறுதலாகச் சொன்னது அவனுக்குக் கணக்காகப் போய்விட்டது. கடிதத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தடுத்திருக்கலாமோ? ஃபைலை வேறு ஒருவரிடம் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரிடம் தருவது என்று தெரியாததால் சொல்லவில்லை.

2020-ல் டி.ஆர்.டி.ஓ.வில் 35 வயதுக்கு உட்பட்ட விஞ்ஞானிகளுக்கு மட்டும் என்று ஐந்து ஆய்வகங்கள் தொடங்கினார்கள், சென்னையிலும் ஒன்று. நல்ல யோசனைதான். அங்கே இண்டென்ட் யார் எழுதுகிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

போகும்போது பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தான். பத்தரைப் பக்கம் கொள்முதல். கடைசி அரைப் பக்கத்தில் கேஜ் ஒட்டும் முறை. எவ்வளவு அழுத்துவது என்ற இடத்தில் 'கட்டைவிரல்' என்று மட்டும் இருக்கிறது.

அந்தக் குறிப்பை இப்போது இன்னொரு பையனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் எழுதுகிற ஃபைலும் திரும்பி வருவதில்லை.