உறவுமுறை: அம்மா

"உங்க ஃபைல்ல அம்மா காலமாயிட்டதா இருக்கே?" இதுதான் நான் கேட்டது. அதட்டவில்லை. எங்கள் மசாலாக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஜூலுப் பெண் ஒருவர், விடுப்புப் படிவத்தில் இறந்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதியிருந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது அவரே கொடுத்த விவரத்தில் அம்மா உயிரோடு இல்லை. இரண்டும் எப்படி ஒத்துவரும் என்று கேட்பது என் வேலை. அவர் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அம்மாவோட அக்கா. என்னை வளர்த்தவங்க" என்றார். அப்புறம் என் பேனாவை வாங்கி 'அம்மா'வை அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஆன்ட்டி' என்று எழுதிக் கொடுத்தார். பேக்கிங்கிலிருந்து நேராக வந்திருந்ததால் தாளின் ஓரத்தில் மஞ்சள்தூள் பெருவிரல் ரேகை.

அவர் அடித்த அந்தக் கோடுதான் இன்னும் உறுத்துகிறது. பெரியம்மா வீட்டிலேயே வளர்ந்து, பெரியம்மாவை அம்மா என்றே கூப்பிட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஜூலுக் குடும்பங்களிலும் அப்படித்தான் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இத்தனை காலம் இருந்துவிட்டு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 27-ஆம் பிரிவு: குடும்பப் பொறுப்பு விடுப்பு, வருடத்துக்கு 3 நாள், சம்பளத்தோடு. கணவன், மனைவி, வாழ்க்கைத் துணை, பெற்றோர், தத்தெடுத்த பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர் இறந்தால் எடுக்கலாம். பெரியம்மா அதில் இல்லை. தாய்மாமன் இல்லை, மாமியாரும் இல்லை. முதலாளி நியாயமான சான்று கேட்கலாம் என்றும் இருக்கிறது. இதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அந்தக் கடைசி விஷயத்தை நான் எங்கள் விதிப்புத்தகத்தில் எழுதவில்லை. பட்டியலை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டேன்.

விதிப்புத்தகம் எழுதியதே மனிதாபிமானத்தில்தான், நம்புங்கள். அதற்கு முன்னால் லீவு என்றால் அங்கிளின் அன்றைய மனநிலை. (முதலாளியை இங்கே எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம்.) டிரைவரின் மாமியார் இறந்தபோது 16-ஆம் நாள் காரியம் முடியும்வரை சம்பளத்தோடு லீவு, கம்பெனி வேனும் சேர்த்து. அதே வருடம் மிளகாய் அரைக்கிற பையனுக்கு அப்பா இறந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம் எங்கே என்று முந்தின வாரம்தான் கேட்டிருந்தான். ஒரு நாள்கூடச் சம்பளத்தோடு கிடைக்கவில்லை. அவனுக்காகத்தான் எழுதினேன். யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று பார்க்காத ஒரு தாள் வேண்டியிருந்தது. இந்தப் பேக்கிங் பெண் விஷயத்திலும் அந்தத் தாள் யார் என்று பார்க்கவில்லை. அப்புறம் எதற்கு நான் நொந்துகொள்ள வேண்டும் என்று சில நாள் தோன்றும். சில நாள் அந்தப் பெருவிரல் ரேகை ஞாபகம் வரும்.

அந்தப் பெண் சாவுக்கு நொங்கோமா என்ற ஊர் வரை போக வேண்டும். வெள்ளி இரவு முழுக்க விழிப்பு, சனிக்கிழமை அடக்கம், அதற்கு முன்னாலேயே போய்ச் சமையலுக்கு நிற்க வேண்டும். வருடாந்திர விடுப்பில் 3 நாள் கழித்துக்கொள்கிறேன் என்றேன். "சரி" என்றார். அது சும்மா வருகிற 3 நாள் இல்லை. டிசம்பர் ஷட்டவுனிலேயே வருடாந்திர விடுப்பின் பெரும்பகுதி போய்விடும். குறைகிற நாள் வருடக் கடைசிச் சம்பளத்தில் இடிக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. படிவத்தைப் பார்த்த அங்கிள், "பொய் எழுதியிருக்கா, ஹியரிங் வை" என்றார், அதாவது ஒழுங்கு விசாரணை. "இவங்களுக்கு எத்தனை அம்மா?" என்று ஒரு சிரிப்பு வேறு. இந்தியர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் மோதல் வந்த 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஓர் இந்திய முதலாளி 'பொய்' என்று சொன்னால் அது ஒரு ஆளோடு நிற்காது. அதை நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, சட்டத்தைப் பேசினேன். வேலையை விட்டு அனுப்பினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவுக்கு, அதாவது தொழில் தகராறுகளைத் தீர்க்கிற அமைப்புக்கு, போவார் என்றேன். நாட்டு வைத்தியராகப் பயிற்சி பெற விடுப்புக் கேட்டு, கிடைக்காதபோதும் பயிற்சிக்குப் போன ஒரு ஹோட்டல் சமையல்காரரை நீக்கியது தவறு என்று 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னதை எடுத்துக் காட்டினேன். இரண்டு வழக்கும் ஒன்றல்ல. ஆனால் அங்கிளுக்கு வக்கீல் செலவு என்றால் போதும். விட்டுவிட்டார்.

அப்புறம் அவரே பேக்கிங்குக்குப் போய், எல்லார் முன்னாலும் அந்த அம்மா கையில் 1000 ரேண்ட் கொடுத்து, "டாக்சிக்கு வச்சுக்கோ, பத்திரமா போயிட்டு வா" என்றார். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்ல வேண்டும். தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் இருந்த 2025 அது. அந்தக் கணக்கில் 8 மணி நேர வேலைக்கு 3 நாள் சம்பளம் 691 ரேண்ட்.

இப்போது அந்த அம்மா அங்கிளின் பேரனைப் பற்றியெல்லாம் விசாரிக்கிறார். என்னிடம் கிளினிக் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். ஒருநாள் காய்ச்சலுக்குச் சட்டப்படி சீட்டு தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் மேடம்."

விதிப்புத்தகத்தில் 'வளர்த்தவர்' என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டேன். யார் யாரை வளர்த்தார்கள் என்பதற்கு என்ன சான்று என்றார் அங்கிள். சான்றே கேட்க வேண்டாம், வருடத்துக்கு 3 நாள்தானே என்றேன். அரைக்கிற பையனிடமும் கேட்டுப் பார்த்தேன். "பேப்பர்ல எழுதினாத்தான் எனக்கும் கிடைக்கும்" என்றான். பார்க்கலாம் என்று அங்கிள் சொல்லி மாதங்கள் ஆகின்றன.

அந்த 1000 ரேண்டை மாதக் கடைசியில் பெட்டி கேஷில் எழுதச் சொன்னார். ஊழியர் நலம் என்ற தலைப்பில் எழுதினேன்.