செம்பைத் தாங்கிய கைகள்

2009இல், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு நந்திக்கடல் கரையில் தம்பி காலில் காயப்பட்டுக் கிடந்தபோது அம்மா வைத்த நேர்த்தி இது. அவன் பிழைத்தால், அந்தக் கடலோரத்து வற்றாப்பளைக் கோயிலில் இருக்கிற கண்ணகை அம்மாளாச்சிக்கு வைகாசிப் பொங்கலில் பாற்செம்பு எடுப்பேன் என்று. அம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. அதனால் இந்த வருஷம் செம்பு என் தலைக்கு வந்தது.

முள்ளியவளையில் பஸ்ஸால் இறங்கியதுமே சோதனை தொடங்கிவிட்டது. ஓட்டோக்காரர் மூன்று மடங்கு கூலி கேட்டார். கோயிலடியில் இன்னொருவர், "அக்கா, கொஞ்சம் காசு தந்தால் பின்பக்கத்தால விடுறன்" என்று அம்மாவின் கையையே பிடித்துவிட்டார். நேர்த்திக்கு வந்த சனத்திடம் இப்படிக் கேட்க எப்படித்தான் மனம் வருகிறதோ! வரிசையிலேயே நின்றோம். புழுதி, வியர்வை, கற்பூரப் புகை, அழுகிற குழந்தைகள். காவடி ஒன்று வந்தால் போதும், கூட்டம் அப்படியே நம்மீது சாயும்.

எங்களுக்கு முன்னால் ஒரு சிங்கள ஆச்சி, மகளோடும் பேரனோடும் நின்றார். கெக்கிராவைப் பக்கமாம். பேரனுக்குத் 'தெய்யங்கே லெட' வந்து மாறியதாம். நாங்கள் அம்மாள் வருத்தம் என்போமே, அந்த அம்மை நோய்தான். நமக்குக் கண்ணகை, அவருக்குப் பத்தினி. என் அரைகுறைச் சிங்களத்தில் இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தபோது யாரோ இடித்து, செம்பு சரிந்தது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. திரும்பி நின்று, தன் இரண்டு கைகளையும் என் முழங்கைகளுக்குக் கீழே கொடுத்தார். மெலிந்த கைகள்தான். சந்நிதிவரை அவை எடுபடவேயில்லை.

காட்டுவிநாயகர் கோயிலில் இருந்து வந்த உப்புநீர் விளக்கை அங்கேதான் பார்த்தேன். கடலில் அள்ளிய தண்ணீர். சொட்டு எண்ணெய் இல்லை என்பார்கள். திரியின் நுனியில் சுடர் ஆடாமல் நின்றது. தம்பி கிடந்த அந்தக் கரை இங்கிருந்து எவ்வளவு தூரம்? அம்மா கும்பிடக்கூட மறந்து, "என்ர பிள்ளையைத் தந்தியேயணை, தந்தியேயணை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. நான் கேட்க நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. அழுகை மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகு வளந்து என்கிற பொங்கல் பானை பொங்கியதும், பறை முழங்கியதும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

விடிந்தால் பொசொன் போயா, பௌத்தர்களின் முழுநிலா விரத நாள். மகிந்த தேரர் புத்த சமயத்தைக் கொண்டு மிகிந்தலைக்கு வந்த நாள். விடியப்புறம் கண் விழித்தபோது, ஆச்சி குளித்து வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தார். காதுத் தோட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து மகளிடம் கொடுத்தார். பிறகு மரத்தடியில் பாயை விரித்து, கிழக்கே பார்த்துக் கைகூப்பி, "பாணாதிபாதா வேரமணி", உயிர்க்கொலை தவிர்ப்பேன், என்று மெதுவாகத் தொடங்கினார். சீலம் என்கிற ஒழுக்க விரதங்கள் நாளாந்தம் ஐந்து, போயாவுக்கு எட்டு. இனி மத்தியானம் தாண்டினால் சாப்பாடு இல்லை, பூ இல்லை, வாசனை இல்லை, உயர்ந்த கட்டிலில் படுக்கை இல்லை, மறுநாள் விடியும்வரை. இந்த வயதில் பசிக்காதா என்று கேட்டேன். "ஹாமுதுருமாருக்கு, பிக்குமாருக்கு, இது ஒவ்வொரு நாளும், மகளே. எங்களுக்குப் போயாவுக்குப் போயாதானே" என்றார். மிகிந்தலையின் 1840 படிகளையும் ஏற முடியாது, அடிவாரத்தில் இருந்து பணை, பிக்குமாரின் பிரசங்கம், கேட்பாராம்.

அம்மா பிரசாதப் பூவை அவர் தலையில் வைக்கப் போனா. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வெற்றிலையில் சுற்றிக்கொண்டார், புத்தருக்கு வைக்க. பொங்கலை மட்டும் அப்போதே, வாழையிலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். வான் புறப்படும்போது அம்மாவின் முழங்காலை மெல்லத் தடவிவிட்டுத்தான் ஏறினார்.

தம்பிக்கு விபூதி மடித்து வைத்திருக்கிறோம். தாயே, அம்மாளாச்சி, அடுத்த வைகாசிக்கும் எங்களைக் கூப்பிடு. அந்த ஆச்சியையும் கூப்பிடு.