தூண்டில் பையின் உள்பூச்சு உரியும்போது

நீலகிரி மலையின் எமரால்டு ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் அடிப்பதே அபூர்வம். பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. இந்த ஈரத்தில் தூண்டில் கம்பைவிட அதன் பைதான் முதலில் கெடும்.

அப்பாவின் பழைய நைலான் பையைப் போன வாரம் பிரித்தேன். உள்பக்கம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மடிப்புகளில் கருப்பாய்ச் செதில் செதிலாக உதிர்ந்து, கம்பின் வளையங்களிலும் தக்கைப் பிடியின் துளைகளிலும் அப்பிக் கிடந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய பாலியூரித்தேன்தான் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிதைகிறது. பையை எடுக்காமலே வைத்திருந்தாலும் இது நடக்கும். மேலே புதுப்பூச்சு அடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அடியில் இற்றது இற்றதுதான்.

பழையதை முழுக்க எடுத்துவிட வேண்டும். பையை உள்வெளியாகத் திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பனியன் துணியால் அழுத்தித் துடைத்தால் பிசின் திரிதிரியாக வரும். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். கம்புக்கு முதலில் சோப்பு நீர் போதும். போகாவிட்டால் மட்டும் ஆல்கஹால், அதுவும் வார்னிஷில் ஓர் ஓரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு.

பிறகு தையல்காரரிடம் கொடுத்து, காடாத் துணியில் உருவி எடுக்கிற மாதிரி உள்ளுறை தைத்துக்கொண்டேன். துணியை நனைத்துச் சுருங்கவிட்டுத் தைக்கணும். கம்பு நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள், ஜிப்பை ஒரு சாண் திறந்தே விடுங்கள். இரும்பு பீரோவுக்குள் மட்டும் வைக்காதீர்கள்.