மருதாணிச் சாற்றிலிருந்து பச்சையைப் பிரித்துப் பார்த்தேன்

ஆரணியில் பட்டு நெய்யும் சித்தப்பா வீட்டிலிருந்து இயற்கைப் பசையை நீக்கிய வெள்ளைப் பட்டு நூல் கொஞ்சம் கிடைத்தது. அதற்கு மருதாணிச் சாயம் ஏற்ற வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. தடையாக இருந்தது இலையின் பச்சைதான். அது கலந்தால் செம்மை மங்கி, சேற்று நிறமாகிவிடுகிறது.

முதல் முறை, காய்ந்த இலைப்பொடி 20 கிராமை 200 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு நாள் ஊறவைத்தேன். வேலூர் வெயிலில் இது சட்டென்று ஆவியாகும், தீயும் பிடிக்கும். அதனால் அடுப்படிப் பக்கமே கொண்டுபோகவில்லை. சாறு கரும்பச்சையாக இறங்கியது. ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா டார்ச்சை அடித்தால் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோபில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

குளோரோபில் தண்ணீரில் கரையாது. சாற்றில் அதே அளவு தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் அடியில் பிசுபிசுப்பாகப் பச்சை வண்டல். காபி வடிதாளில் வடித்த பிறகு டார்ச் ஒளியில் சிவப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் லேசான பச்சை மீதி.

அதையும் எடுத்துவிடலாம் என்று 5 கிராம் ஆக்டிவேட்டட் கரி போட்டேன். சாறு தண்ணீர் மாதிரி தெளிந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். நூலை நனைத்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது! மருதாணியின் சாயப்பொருளான லாசோனையும் கரி சேர்த்தே பிடித்துக்கொண்டது. காய்ந்த இலையில் அது சுமார் 1 சதவீதம்தான், போனது போனதுதான். கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. சாயம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் ஆல்கஹாலையே விட்டுவிட்டேன். புதிதாக 20 கிராம் பொடியை எலுமிச்சைச் சாறு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். இலையில் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் சாயத்தைப் புளிப்பு விடுவிக்கிறது. காலையில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தேன். நுரை அடங்கியதும் தண்ணீர் செம்மஞ்சளாகக் கறுத்தது. லாசோன் அமிலத்தன்மை உள்ளது, சோடாத் தண்ணீரில் நன்றாகக் கரையும். பச்சை நிறமோ இலைத்தூளிலேயே தங்கிவிட்டது. துணியில் வடித்தபோது தூள் தப்பித்து வந்தது. வடிதாளில் இரண்டு தடவை வடித்த பிறகுதான் சுத்தமானது.

காரம் பட்டு நூலைக் கெடுக்கும் என்பதால் மறுபடி எலுமிச்சை பிழிந்து புளிப்பாக்கி, கை பொறுக்காத சூட்டில் ஒரு மணி நேரம் நூலை அதில் போட்டுவைத்தேன். அலசி, மாடி நிழலில் உலர்த்தியிருக்கிறேன். பழுத்த ஆரஞ்சுக் காவி, பச்சையின் சாயலே இல்லை. அடுத்த நூல் கழியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.