நான் இல்லாத ஒரு வாரம் கடை நடந்தது

திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சிமென்ட், கம்பி, பைப், பெயின்ட், ஆணி. எங்களைப் போன்ற தனியாள் கடைகளில் முதலாளிதான் கணக்குப்பிள்ளை, அவரேதான் வசூலுக்கும் போவார். எந்த மேஸ்திரி எவ்வளவு பாக்கி, எந்த ஏஜென்சிக்கு எந்தத் தேதி போட்டு செக் கொடுத்தது, எல்லாம் ஒரே மண்டைக்குள் இருக்கும். நான் போய்விட்டால் வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்ற யோசனை எனக்கு வந்தது, பக்கத்துத் தெருவில் பெயின்ட் கடை வைத்திருந்த அண்ணன் மாரடைப்பில் இறந்த பிறகு.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவருக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவரிடம் வாங்கியவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அண்ணி நோட்டை எடுத்துவந்து என்னிடம் காட்டினார். "செவத்த மேஸ்திரி 18", "பைபாஸ் வீடு பாதி" என்று எழுதியிருந்தது. பதினெட்டு என்றால் பதினெட்டாயிரமா, பதினெட்டு டின்னா? எழுதியவருக்கு மட்டுமே புரிகிற கணக்கு அது. கரண்ட் அக்கவுண்ட் அவர் ஒருவர் பெயரில் இருந்ததால், இறந்த தகவல் போனதும் வங்கியில் பணம் நின்றுவிட்டது. பின்னால் வரும் தேதி போட்டுக் கொடுத்திருந்த செக்குகள் திரும்பின. வசதியாக இருந்த குடும்பம், கையில் காசில்லாமல் மூன்று மாதம் அல்லாடியது.

அதைப் பார்த்துத்தான் இறங்கினேன். என்னென்ன செய்தேன், எதில் அதிக நேரம் பிடித்தது என்று எழுதுகிறேன். முக்கியமாக என்னைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு.

முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. விளக்கு வைத்த பிறகு பேச்சை எடுத்தேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. "ஏய்யா, நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நீ என்ன பேச்சு பேசுற" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். "நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில படுத்துட்டா கடையை யாரு பாக்கிறது?" இதற்குப் பதில் வந்தது. "அதாங்க எனக்கும் பயம்" என்றாள். சாவைப் பற்றிப் பேச மறுக்கிற வீட்டில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசலாம். செய்ய வேண்டிய வேலைகளில் முக்கால்வாசி இரண்டுக்கும் ஒன்றுதான்.

நோட்டில் தொடங்கினேன். வர வேண்டியது ஒரு பக்கம், தர வேண்டியது ஒரு பக்கம். பட்டப்பெயர்களை எடுத்துவிட்டு முழுப்பெயர், ஊர், போன் நம்பர், எந்த வேலைக்குச் சரக்கு எடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதினேன். பெரிய பாக்கிக்காரர்களிடம் வருடத்துக்கு ஒருமுறை பாக்கித் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தேன். சாதாரணக் கடனை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் கிடைக்கும். "என்ன அண்ணாச்சி, நம்பிக்கை இல்லையா" என்று சிலர் முகம் சுளித்தார்கள். "உங்க மேல நம்பிக்கை இருக்கு, என் ஆயுசு மேலதான் இல்ல" என்று சொன்னதும் போட்டுவிட்டார்கள்.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒன்று. தாசில்தார் கொடுப்பது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், யார் யார் வாரிசு என்று மட்டும் அது சொல்லும். இறந்தவருக்கு வர வேண்டிய கடனைக் கோர்ட் மூலம் வசூலிக்க வேண்டுமானால் கோர்ட்டிலேயே வாங்குகிற சக்சஷன் சர்டிபிகேட் வேண்டும். அது வேறு வழி, வேறு செலவு. அதேபோல, அப்பா வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்து எந்த அளவோ அந்த அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. துக்க வீட்டில் வந்து மிரட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று மகனையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இனிஷியல் படுத்துகிற பாடு கொஞ்சமா? பத்திரத்தில் அப்பா பெயர் முழுசாக முன்னால், ஆதாரில் ஒற்றை எழுத்து பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, பழைய எல்ஐசி பாலிசியில் இனிஷியலே கிடையாது. உயிரோடு இருப்பவன் போய் நின்றால், நான்தான் அவன் என்று சொல்லிவிடலாம். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் இன்னொரு பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வீட்டுப் பெண்கள் அலைய வேண்டியிருக்கும். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் மாற்றினேன். அலுப்பான வேலைதான், ஆனாலும் இதைச் செய்யாமல் மற்றதைச் செய்து பயனில்லை. மாற்ற முடியாத பழைய பத்திரங்களின் பட்டியலைத் தனியாக எழுதி வைத்தேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வங்கிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். லாக்கருக்கு அப்படிப் பிரிக்க முடியாது, ஒருவருக்குப் பின் ஒருவர் என்றுதான் வரிசை. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டும்தான். உரிமை வாரிசுகளுக்கோ உயிலில் சொல்லப்பட்டவர்களுக்கோ உரியது. உச்ச நீதிமன்றம் 1984இல் இன்சூரன்ஸ் பணம் பற்றிய வழக்கில் இதைச் சொன்னது, 2023இல் பங்குகள் பற்றிய வழக்கிலும் சொன்னது. இன்சூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு. மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பொதுவாகப் பணம் அவர்களுக்கே சொந்தம்.

அன்றைக்குத்தான் என் கடைப் பையனின் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்தேன். மே மாதத்தில் 436 ரூபாய் பிடித்திருந்தது. "என்னமோ பேங்க் சார்ஜ்னு நெனச்சேன் அண்ணே" என்றான். அது பிரதமரின் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ். எந்தக் காரணத்தால் இறந்தாலும் வீட்டுக்கு இரண்டு லட்சம் வரும். அவன் மனைவிக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எத்தனை வீடுகளில் கேட்காமலே போயிருக்கும் இந்தப் பணம்! உங்கள் பாஸ்புக்கிலும் வேலையாட்கள் பாஸ்புக்கிலும் 436, 20 என்று இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்குப் பிடிப்பது.

உயில் எழுத வக்கீலிடம் போனபோதுதான் அம்மாவின் பங்கு தெரியவந்தது. உயில் இல்லாமல் நான் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான் சம்பாதித்த சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் மட்டும் போகாது. அம்மாவுக்கும் சம பங்கு, அதாவது நாலில் ஒன்று. அம்மாவும் எதுவும் எழுதிவைக்காமல் காலமானால் அந்த நாலில் ஒன்று என் இரண்டு தங்கைகளுக்கும் என் பிள்ளைகளுக்குமாகப் பிரியும். தங்கைகள் தங்கமானவர்கள். ஆனாலும் என் மனைவி ஒரு வீட்டை விற்க ஐந்து பேர் கையெழுத்து வேண்டும், அவர்களில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் இன்னும் சிக்கல். அதற்காக அம்மாவை விட்டுவிட மனசு வருமா? வீட்டில் ஆயுள் முழுக்க வசிக்கும் உரிமையும், ஒரு டெபாசிட்டின் வட்டியும் அம்மாவுக்கு என்று எழுதினேன். வீடு மனைவிக்கு. அவளுக்குப் பின் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. நிறைவேற்றும் பொறுப்பு மகளுக்கு, கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். "பொண்ணுக்குக் கல்யாணத்துக்கே நிறையச் செஞ்சாச்சே" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னார். நகை போட்டதும் பங்கு கொடுப்பதும் ஒன்றல்ல என்பதில் நான் உறுதியாக இருந்தேன், மகனும் அப்படியே.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். நான் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவர்களைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. என்னைவிட வயதில் சின்னவர்களாக இரண்டு பேரைப் பிடித்தேன், எனக்குப் பின் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தேன். காணாமல் போகாது, நாளைக்கு யாரும் எளிதில் மறுக்கவும் முடியாது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக்கொடுத்தால் சொத்து அன்றே கைமாறிவிடும், உயில் அப்படியல்ல.

இதெல்லாம் காகிதம். காகிதத்தை நம்பி விட்டுவிட எனக்கு மனமில்லை. மூன்று நான்கு மாதம் மனைவி மாலையில் கல்லாவில் உட்கார்ந்தாள். பிறகு போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு வாரம் கம்பத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். "அவசரம்னா மட்டும் தங்கச்சிக்குக் கூப்பிடு. கடை விஷயத்துக்குக் கூப்பிடாத" என்றேன். ஆள் இறந்துவிட்டால் போன் வீட்டில்தானே இருக்கும்.

திரும்பி வந்தபோது அவள் ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தாள். எனக்குத் தோன்றவே தோன்றாதவை. முதல் நாளே போன் அணைந்து மறுபடி எழும்பியிருக்கிறது, கைரேகை இல்லாமல் திறக்க பின் நம்பர் கேட்டிருக்கிறது. நல்லவேளை, கவரில் எழுதி வைத்திருந்தேன். சிமென்ட் லோடு வந்திருக்கிறது, இறக்குக் கூலி மூட்டைக்கு எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டுக் கொடுத்திருக்கிறாள். ஏஜென்சிக்குக் கட்ட வேண்டிய நாள் வந்தபோது செக்கில் கையெழுத்துப் போட ஆளில்லை. தன் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கிறாள். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஜிஎஸ்டிக்கு ஓடிபி கேட்டு அழைத்தபோது, இது உண்மையான அழைப்பா, ஏமாற்றா என்று தெரியாமல் வைத்துவிட்டாள். "அது சரியான காரியம்தான்" என்றேன். ஆடிட்டர் நம்பரை இப்போது பெயரோடு அவள் போனில் ஏற்றியிருக்கிறோம்.

அந்தத் தாளை வைத்துத்தான் மீதி வேலை நடந்தது. எங்கள் இருவர் பெயரிலும், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் இயக்கலாம் என்ற முறையில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சில மாதக் குடும்பச் செலவையும் கடைச் சம்பளத்தையும் அதில் போட்டு வைத்தேன். என் சிம்மை யாரும் நிறுத்தக்கூடாது, எல்லாம் முடியும்வரை ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். வங்கி, எல்ஐசி, வருமான வரி, எல்லா ஓடிபியும் அதில்தான் வரும். யுபிஐ பின்னை மட்டும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். இறந்தவர் கணக்கிலிருந்து ஏடிஎம்மிலோ போனிலோ பணம் எடுக்கப் போய்ப் பிறகு வாரிசுகளுக்குள் மனஸ்தாபம் வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நாமினி வழியாக முறைப்படி வாங்குவதே நல்லது. கூகுள் கணக்கில், பல மாதம் பயன்படுத்தாவிட்டால் நாம் சொன்ன ஆளுக்குத் தகவல் போகும் வசதி இருக்கிறது. அதில் மகளைச் சேர்த்தேன். பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

ஜிஎஸ்டி ஒன்று இருக்கிறது. பதிவு என் பான் எண்ணோடு ஒட்டியது. நான் போன பிறகு அதே பதிவில் மனைவி வியாபாரம் செய்ய முடியாது. அவள் பெயரில் புதுப் பதிவு எடுத்து, மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டி இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை, ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆடிட்டரிடம் அவளை நேரில் உட்காரவைத்து விளக்கச் சொன்னேன். கடையை நடத்துவதா, சரக்கை விற்று மூடுவதா என்பது அவள் முடிவு. "உங்களுக்காகன்னு இழுத்துப் புடிச்சு நடத்த மாட்டேன், முடிஞ்சா நடத்துவேன்" என்றாள். அதைக் கேட்டதில் எனக்கு நிம்மதி.

கண் தானம் பற்றியும் சொல்லிவைத்தேன். கார்டு வாங்கி வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பம் சம்மதித்தால்தான் எடுப்பார்கள், அதுவும் சில மணி நேரத்துக்குள். அதனால் கண் வங்கியின் போன் நம்பர், இந்தக் காகிதங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

வருடா வருடம் மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது ஃபைலையும் பிரித்துப் புதுப்பிப்பது என்று வைத்திருக்கிறோம். இந்த மார்ச்சில் பாக்கிப் பட்டியலை எழுதியது மனைவிதான். போன வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் எழுதுறியே, என்னோடத எப்பய்யா எழுதப் போற" என்று கேட்டார். இரண்டு தோடு, ஒரு சங்கிலி, தபால் ஆபீஸில் ஒரு டெபாசிட். தோடு யாருக்கு, சங்கிலி யாருக்கு என்று தங்கைகளை வைத்துக்கொண்டே சொன்னார், எழுதிக்கொண்டோம். தபால் ஆபீஸ் பாஸ்புக்கைப் பிரித்தால் நாமினி இடத்தில் இன்னும் அப்பா பெயர் இருக்கிறது. அப்பா போய்ப் பல வருடமாகிறது. திங்கட்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய் மாற்ற வேண்டும்.