நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

நேற்றிரவு தங்கை போன் செய்தாள். "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு." குரல் நடுங்கியது. நான் முதலில் கேட்டது, "அந்த மஞ்சள் ஃபோலிக் அமில மாத்திரையை விடாம போடுறியா?" என்றுதான். கல்யாணமான மாதத்திலிருந்தே போடுகிறாளாம். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. பெரியம்மா மகளின் குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் நாளே முதுகில் ஆபரேஷன். அந்தச் சின்ன முதுகுக் கட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றாவது வாரத்தில் கரு ஒரு சின்னத் தட்டு மாதிரிதான் இருக்கும். முதுகுப் பக்கம் பள்ளம் விழும், இரு ஓரமும் மெல்ல எழும்பும், நடுவில் சேர்ந்து குழாயாக மூடிக்கொள்ளும். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வளர்கின்றன. கருத்தரித்து சுமார் 28 நாளில் எல்லாம் முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது! குழாய் கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் ஸ்பைனா பைஃபிடா என்ற முதுகுத்தண்டுப் பிறவிக் குறை வரும், பெரியம்மா மகளின் குழந்தைக்கு வந்தது போல. ஃபோலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கும் என்று 1991-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. குழந்தைக்குத் திட்டமிடும் நாளிலிருந்து 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் போதும். முன்பு இந்தக் குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் அளவு கூடும், டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இந்தக் கதையின் தொடக்கம் பம்பாயில். 1928-ல் அங்கு வந்த மருத்துவர் லூசி வில்ஸ், மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அதன் செயற்கை வடிவம்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நாளைக் காலை போய்ச் சொல்லிவிட்டு வரப்போகிறேன்.